வாலிழந்த சொற்கள்: ஆங்கில வினையடை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை வளையத் தொடங்கும் இடத்தில், மஞ்சள் பலகை ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதில் கறுப்பு எழுத்தில் 'கோ ஸ்லோ' என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, ஆங்கில ஆசிரியர் சாலைப் பாதுகாப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார். எங்களோடு படித்த மாணவன் ஒருவன், லாரி ஓட்டுநரின் மகன், பள்ளிகளுக்கு அருகில் ஓட்டுநர்கள் மெதுவாக ஓட்ட வேண்டும் என்பதை 'டிரைவ் ஸ்லோ' என்று எழுதியிருந்தான். ஆசிரியர் 'ஸ்லோ'வைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஸ்லோலி' என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

அவன் எழுந்து நின்று, "சார், ரோட்டுல போர்டுலயே அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றான்.

"போர்டு எழுதறவன் கிராமர் படிச்சுட்டாடா எழுதறான்? உட்காரு" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம்.

சிரித்து முடிப்பதற்குள் நம்முடைய நோட்டு வந்து சேர்ந்தது. இரவில் அந்தச் சாலை ஆபத்தானதாகத் தோன்றுகிறது என்பதை நாம் 'தி ரோட் லுக்ஸ் டேஞ்சரஸ்லி அட் நைட்' என்று எழுதியிருந்தோம். அங்கும் சிவப்பு மை. 'டேஞ்சரஸ்லி'யின் கடைசியில் இருந்த 'லி' அடிக்கப்பட்டு, 'டேஞ்சரஸ்' மட்டும் எஞ்சியிருந்தது. ஒரு மதிப்பெண் போயிற்று. அவனுக்கு 'லி' இல்லாததால் தண்டனை. நமக்கு 'லி' இருந்ததால் தண்டனை. ஏன் என்று கேட்கும் துணிவு எங்கள் வகுப்பில் யாருக்கும் இருக்கவில்லை. கேட்டவன் ஒருவன்தான்; அவனும் உட்கார வைக்கப்பட்டான்.

பல ஆண்டுகள் கழித்து ஆங்கில மொழியின் வரலாற்றைச் சிறிது படிக்க நேர்ந்தபோதுதான், அந்த இரண்டு சிவப்புக் கோடுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது விளங்கியது. ஒன்று பொருளைக் காப்பாற்றப் போடப்பட்ட கோடு. மற்றொன்றின் பின்னால் ஒரு பழைய மறதியும், ஒரு பழைய அச்சமும் இருக்கின்றன. இக்கட்டுரை அவ்விரண்டையும் பிரித்துக் காட்ட முயல்கிறது.

*

முதலில் நமக்கு விழுந்த கோட்டைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ் என்று சொல்லப்படுவதை நாம் பெயரடை என்றும், அட்வெர்ப் என்பதை வினையடை என்றும் வழங்குகிறோம். பெயரடை ஒரு பொருளின் தன்மையைச் சொல்லும். வினையடை ஒரு செயல் நிகழும் விதத்தைச் சொல்லும். வினைச்சொல்லுக்குப் பின்னால் வருவது வினையடையாகத்தானே இருக்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எல்லா வினைச்சொற்களும் செயலைக் குறிப்பவை அல்ல. தோன்றுதல், மணத்தல், சுவைத்தல், ஒலித்தல், உணர்தல், ஆதல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கில வினைகள் பல வேளைகளில் வெறும் பாலமாகவே நிற்கின்றன. பாலத்தின் இக்கரையில் எழுவாய். அக்கரையில் அதன் தன்மை. 'தி ரோட் லுக்ஸ் டேஞ்சரஸ்' என்னும்போது ஆபத்து சாலையினுடையது. அங்கே 'லி' சேர்த்துவிட்டால், சாலை தன் கண்களால் யாரையோ ஆபத்தான விதத்தில் பார்க்கிறது என்று பொருளாகிவிடும்.

ஒரே வினை இரண்டு விதமாகவும் வரலாம். 'ஹி லுக்ட் ஆங்ரி' என்றால் அவன் கோபமுற்றவனாகத் தெரிந்தான். 'ஹி லுக்ட் ஆங்ரிலி' என்றால் அவன் கோபத்துடன் எதையோ நோக்கினான். முன்னதில் அவன் காணப்படுபவன், பின்னதில் காண்பவன். ஒரு நாயைப் பற்றி 'ஸ்மெல்ஸ் பேட்' என்றால் அதைக் குளிப்பாட்ட வேண்டும் என்று பொருள். 'ஸ்மெல்ஸ் பேட்லி' என்றால் அதன் மோப்பசக்தி குன்றிவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தின் நுட்பமான வேறுபாடுகளில் இது ஒன்று. இதைக் கற்பிக்கும் ஆசிரியரை நாம் நொந்துகொள்ள முடியாது.

ஆயினும் இந்தப் பிழையை நாம் ஏன் செய்தோம் என்பதை அவர் சொல்லியிருக்கலாம். காரணம் நம்முடைய மொழியிலேயே இருக்கிறது. 'அவள் அழகாக ஆடினாள்' என்கிறோம். 'அவள் அழகாக இருந்தாள்' என்றும் சொல்கிறோம். முதல் தொடரில் அழகு ஆட்டத்துக்கு உரியது. இரண்டாவதில் அவளுக்கு உரியது. ஆங்கிலம் இங்கே இரண்டு வடிவங்களை வேண்டுகிறது. தமிழ் இரண்டிடத்திலும் ஒரே 'ஆக' விகுதியைக் கொண்டு வேலையை முடித்துக்கொள்கிறது. எது எதற்குரியது என்பதைப் பின்னால் வரும் வினை காட்டிக்கொடுத்துவிடும். 'ஆபத்தாகத் தோன்றுகிறது' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு எழுதுபவன் 'டேஞ்சரஸ்லி' என்று எழுதுவதில் வியப்பு என்ன? 'ஆக' என்றால் 'லி' என்றுதானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

நம் பழைய இலக்கணம் இந்தப் பாகுபாட்டையே வேறு விதமாகத்தான் அணுகியது. தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தது. பெயருக்கு அடையாக வருவது ஒரு வகை, வினைக்கு அடையாக வருவது இன்னொரு வகை என்று அது சொற்களைப் பிரித்து வைக்கவில்லை. உரிச்சொல் பெயரோடும் சேரும், வினையோடும் சேரும். மிகுதிப் பொருளில் வரும் உரிச்சொற்களுக்கு இலக்கண வகுப்பில் நாம் படித்த எடுத்துக்காட்டுகளை நினைவுகூரலாம். 'உறுபுகழ்' என்பதில் உரிச்சொல்லை அடுத்து நிற்பது பெயர். 'நனி தின்றான்' என்பதில் நிற்பது வினை. ஒரே குலத்துச் சொற்கள் இரண்டு வீட்டிலும் உரிமையோடு புழங்கின. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நிலைமை ஏறத்தாழ அப்படித்தான் ஆயிற்று என்பதை அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

*

இனி அந்த லாரி ஓட்டுநரின் மகனுக்கு விழுந்த கோடு.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் பெயரடையை வினையடையாக்க எளிய வழி ஒன்று இருந்தது. சொல்லின் கடைசியில் 'எ' என்ற ஓர் உயிரொலியைச் சேர்த்தால் போதும். உரத்த என்ற பொருளுடைய 'ஹ்லூட்' என்னும் பெயரடை, 'ஹ்லூடெ' என்றாகி உரக்க என்று பொருள்படும். கடினமான என்ற பொருளுடைய 'ஹேஅர்ட்', 'ஹேஅர்டெ' என்றாகிக் கடுமையாக என்று பொருள்படும். இன்றைய 'லௌட்', 'ஹார்ட்' என்னும் சொற்களின் முன்னோர் இவை. அந்தச் சின்னஞ்சிறு 'எ'தான் அன்றைய வினையடையின் வால்.

அப்படியானால் இன்றைய 'லி' எங்கிருந்து வந்தது? அதன் பிறப்பு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றால் உடல். பிற்காலத்தில் அது பிணத்தையும் குறித்தது; ஜெர்மன் மொழியில் பிணத்தைக் குறிக்கும் 'லைஷெ' என்ற சொல் இதன் உறவினர். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில், கல்லறைத் தோட்டத்து நுழைவாயிலில் சிறு கூரையிட்ட வாயில் ஒன்றைக் காணலாம். பாதிரியார் வரும்வரை சவப்பெட்டியை இறக்கி வைப்பதற்கான இடம் அது. அதன் பெயர் 'லிச்கேட்'. அந்தப் பெயரில் உள்ள 'லிச்'சும், நம் சிவப்பு மை வழக்கில் சிக்கிய 'லி'யும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றின் உடலை, அதாவது உருவத்தை உடையது என்ற பொருளில் இது பெயர்ச்சொற்களின் பின்னால் ஒட்டத் தொடங்கியது. நண்பனின் உருவில் இருப்பது 'ஃப்ரெண்ட்லி'. மனிதனின் உருவில் இருப்பது 'மேன்லி'.

இங்கே கவனிக்க வேண்டியது, 'லி' முதலில் பெயரடையை உண்டாக்கும் விகுதியாகவே இருந்தது என்பதே. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' போன்ற சொற்கள் இன்றும் பெயரடைகளாகவே இருந்து அந்தப் பழைய வழக்குக்குச் சாட்சி சொல்கின்றன. இத்தகைய பெயரடைகளும் மற்றவற்றைப் போலவே 'எ' என்ற வாலைச் சேர்த்துக்கொண்டு வினையடைகளாயின. 'லிச்' என்ற ஈறும் 'எ' என்ற வாலும் சேர்ந்த 'லிச்செ' என்னும் ஒலி மிகப் பல வினையடைகளின் ஈற்றில் கேட்கத் தொடங்கவே, அந்த முழு ஒலியையும் வினையடைக்குரிய விகுதியென்று மக்கள் எடுத்துக்கொண்டனர். நாளடைவில் அது தேய்ந்து 'லி' என்றாயிற்று.

உடலைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் வினையடை விகுதியானது போலவே, மனத்தைக் குறித்த 'மென்ஸ்' என்னும் லத்தீன் சொல்லின் ஒரு வேற்றுமை வடிவமான 'மென்டெ' என்பதிலிருந்து பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிய மொழிகளின் வினையடை விகுதிகள் வந்தன. நம்முடைய 'ஆக'வோ ஆகு என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலேயன் உடலால் சொன்னதை, பிரெஞ்சுக்காரன் மனத்தால் சொன்னான். தமிழன் ஆதலால் சொன்னான்.

*

பிறகு அந்த 'எ' மறைந்தது. நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய காலத்துக்கு முன்பிருந்தே ஆங்கிலத்தின் சொல்லிறுதி ஒலிகள் தேயத் தொடங்கியிருந்தன. 1400-இல் மறைந்த சாசரின் கவிதைகளில் இறுதி 'எ' பல இடங்களில் இன்னும் ஓர் அசையாக எண்ணப்படுகிறது. அதை ஒலிக்காமல் வாசித்தால் யாப்பு சரிந்துவிடும். ஆனால் அவர் காலத்திலேயே பேச்சில் அது மங்கிவந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் முடிவுக்குள் முற்றிலுமாக ஓய்ந்துவிட்டது.

இந்த ஒலிமாற்றத்தின் விளைவு என்ன? 'எ' உதிர்ந்ததும், 'ஹார்ட்' என்ற பெயரடைக்கும் 'ஹார்ட்' என்ற வினையடைக்கும் இடையே வடிவ வேறுபாடு இல்லாமற் போயிற்று. 'லௌட்', 'டீப்', 'ஃபாஸ்ட்' ஆகியவற்றுக்கும் இதே கதை. இவை பெயரடைகளை யாரோ சோம்பலால் வினையடையாகப் பயன்படுத்திய வழக்குகள் அல்ல. முறையாகப் பிறந்து, காலப்போக்கில் வாலை இழந்த வினையடைகள். இத்தகைய சொற்களுக்கு 'ஃப்ளாட் அட்வெர்ப்', அதாவது தட்டை வினையடை, என்று பெயர் சூட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்ஸன் மொழிப் பேராசிரியராக இருந்த ஜான் ஏர்ல். 1871-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில மொழிநூலில் இப்பெயர் காணப்படுகிறது.

ஒரு வழக்கு நிலைபெற்றுவிட்டால் புதிய சொற்களும் அதில் வந்து சேரும். 'ஸ்லோ' அப்படி வந்து சேர்ந்தது. ஷேக்ஸ்பியரும் மில்டனும் 'ஸ்லோ'வை வினையடையாகக் கையாண்டிருக்கிறார்கள். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், மிகவும் என்ற பொருளில் 'எக்ஸீடிங்' என்பது 'லி' இல்லாமலே வருகிறது. 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், எதையும் மிகுத்துச் சொல்ல வேண்டியபோதெல்லாம் 'மைட்டி' என்றே எழுதிச் செல்கிறார். அரசவைக்கும் கடற்படை அலுவலகத்துக்கும் போய்வந்த கனவான் அவர். யாரும் அவருடைய ஆங்கிலத்தைக் கொச்சை என்று கருதியதில்லை.

*

சிவப்பு மை வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். வணிகத்தால் செல்வம் சேர்த்த புதிய நடுத்தர வர்க்கம் இங்கிலாந்தில் தலையெடுத்த காலம் அது. பணம் வந்துவிட்டது, பிறப்பால் வரும் மதிப்பு வரவில்லை. பேச்சிலும் எழுத்திலும் பிழையில்லாமல் இருந்தால் மேலோர் மத்தியில் அமரலாம் என்ற நம்பிக்கை பரவியது. எது பிழை என்று சொல்லித்தரும் நூல்களுக்குச் சந்தை உண்டாயிற்று. ஜான்சனின் அகராதி 1755-இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இலக்கண நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

அவற்றுள் பெரும் செல்வாக்குப் பெற்றது, 1762-இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளியான ஒரு சிறிய நூல். எழுதியவர் ராபர்ட் லௌத். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர். பிற்காலத்தில் லண்டன் ஆயராக உயர்ந்தவர். எபிரேயக் கவிதை அடிகள் ஒன்றுக்கொன்று இணையாக அமையும் முறையை விளக்கிய அவருடைய ஆய்வு இன்றும் மதிக்கப்படுகிறது. ஆகவே அவரைக் கவிதையறியாத சட்டாம்பிள்ளை என்று எண்ணிவிடக் கூடாது. அவர் தம் நூலில், பெயரடைகளைச் சிலர் வினையடைகளாகப் பயன்படுத்துவது முறையன்று, ஆங்கில மொழியின் இயல்புக்குப் பொருந்தாதது என்று எழுதினார். இந்தக் குற்றத்துக்கு எடுத்துக்காட்டுகளை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் வேடிக்கை. ஷேக்ஸ்பியர், டிரைடன், கிளாரண்டன், ஸ்விஃப்ட் ஆகியோரிடமிருந்து எடுத்தார். ஒரு மொழியின் தலைசிறந்த எழுத்தாளர்கள் எல்லோரும் செய்வது அம்மொழியின் இயல்புக்கு மாறானது என்றால், அந்த இயல்பு வேறெங்கே குடியிருக்கிறது என்ற கேள்வி நமக்கு எழுகிறது.

அது லத்தீனில் குடியிருந்தது என்று சொல்லலாம். அக்காலக் கல்வியின் அளவுகோல் லத்தீன். அதில் பெயரடையும் வினையடையும் ஈறுகளால் தெளிவாகப் பிரிந்து நிற்கும். அந்தத் தெளிவை ஆங்கிலத்திலும் காண விரும்பியவர்களுக்கு 'லி' கைகொடுத்தது. 'லி' இல்லாதவை குறையுள்ளவையாகத் தெரிந்தன.

மறதியும் இதற்குத் துணைசெய்தது. இறுதி 'எ' ஒரு காலத்தில் ஒலித்தது என்பது பொதுவாக நினைவிலிருந்து அகன்றிருந்தது. 1700-இல் டிரைடன் சாசரைப் புகழ்ந்து எழுதியபோதுகூட, அவருடைய அடிகள் பல அசை குறைந்து நொண்டுகின்றன என்றே கருதினார். அந்த 'எ'யை ஒலித்து வாசிக்க வேண்டும் என்பதை தாமஸ் டிர்விட் தம் சாசர் பதிப்பில் விளக்கியது 1775-இல். லௌத்தின் நூல் வந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. கவிதையில் வாலை மறந்தவர்கள் சாசரை நொண்டி என்றார்கள். இலக்கணத்தில் வாலை மறந்தவர்கள் 'ஹார்ட்', 'ஸ்லோ' போன்றவற்றின் குலத்தையே ஐயுற்றார்கள். சாசருக்கு நீதி கிடைத்துவிட்டது. மற்றவற்றின் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

லௌத்தை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. அவரைக் குறித்து இங்க்ரிட் டீக்கன்-பூன் வான் ஓஸ்டாடெ என்னும் டச்சு ஆய்வாளர் 2011-இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். கொடுங்கோல் இலக்கணி என்று லௌத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பெரிதும் பிற்காலத்தவர் சூட்டியது என்பதையும், தம் நூலில் கண்டித்த வடிவங்கள் சிலவற்றைத் தம் கடிதங்களில் அவரே கையாண்டார் என்பதையும் அவருடைய ஆய்வுகள் எடுத்துக்காட்டுகின்றன. லௌத்தின் குறிப்புகளைப் பள்ளிக்கூடச் சட்டங்களாகப் பரப்பியதில் பெரும்பங்கு லிண்ட்லி மரே என்பவருக்கு உண்டு. அமெரிக்காவில் பிறந்து, நியூயார்க்கில் வழக்கறிஞராகவும் வணிகராகவும் பொருளீட்டி, உடல்நலம் குன்றி இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகில் குடியேறியவர் அவர். அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதற்காக அவர் தொகுத்த இலக்கணம் 1795-இல் வெளிவந்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தார்கள். லௌத் உள்ளிட்ட முன்னோரிடமிருந்து எடுத்தவை பல என்பதை மரேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயரின் கருத்து இப்படியாகப் பாடமாயிற்று, பாடம் பிரம்பாயிற்று.

*

அந்தப் பிரம்பு கப்பலேறி நம்மிடம் வந்தது. மெக்காலேயின் குறிப்பு 1835-இல் எழுதப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. ஆங்கிலம் வேலைக்கும் மதிப்புக்கும் வாயிலான பிறகு, பிழை என்பது வெறும் பிழையாக இல்லாமல் இழிவாகவும் ஆயிற்று. 1930-களில் ரென், மார்ட்டின் இருவரும் இந்தியப் பள்ளிகளுக்காக எழுதிய இலக்கண நூல் இன்றளவும் நம் வீடுகளில் இருக்கிறது. அவர்களுள் ரென், இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலால் புகழ்பெற்றவர். தொடக்கத்தில் இலக்கணம் என்பது புதிதாய்ப் பணம் சேர்த்த ஆங்கிலேயன் தன் மேலோரிடம் தலைகுனியாதிருக்கத் தேடிய காப்பு. நம்மிடம் வந்தபோது அது ஆங்கிலேயனிடம் தலைகுனியாதிருக்க நாம் தேடிய காப்பாயிற்று. அந்தக் காப்பை அணிந்துகொண்டு நாம் லாரி ஓட்டுநரின் மகனைத் தலைகுனிய வைத்தோம்.

அச்சத்தால் கற்ற விதிக்கு ஒரு குணம் உண்டு. அது தேவையில்லாத இடத்திலும் பாயும். வருத்தமாக இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் 'ஐ ஃபீல் பேட்' என்றால் போதும். ஆனால் 'லி' இல்லாவிட்டால் பிழை என்று சிறுவயதில் அடிவாங்கியவர்கள் 'ஐ ஃபீல் பேட்லி' என்கிறார்கள். படித்தவர்களிடம்தான் இது மிகுதி. உடல்நலக் குறைவுக்கு ஒன்று, மனவருத்தத்துக்கு ஒன்று என்று இரண்டையும் பிரித்துப் பயன்படுத்துகிறோம் என இதற்குச் சமாதானம் சொல்பவர்களும் உண்டு. இவ்வாறு என்று பொருள்படும் 'தஸ்' ஏற்கெனவே வினையடைதான். ஆயினும் அதற்கும் ஒரு வால் ஒட்டி 'தஸ்லி' என்று ஒரு சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கா உண்டாக்கியது. பெற்றோர் வைத்த பெயருக்குப் பின்னால் தானே ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொள்பவரைப் போன்றது அச்சொல்.

இதற்கிடையே மக்கள் வழக்கு தன் போக்கில் ஒரு நல்ல வேலையைச் செய்துவைத்தது. வாலுள்ளதும் வாலற்றதுமாக இரண்டு வடிவங்கள் கிடைத்த இடங்களில், இரண்டுக்கும் வெவ்வேறு பொருளைப் பகிர்ந்தளித்தது. 'ஹார்ட்' என்றால் கடுமையாக. 'ஹார்ட்லி' என்றால் அரிதாகவே. ஒருவர் 'ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் பாராட்டு. 'ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் வசை. 'லேட்' தாமதமாக, 'லேட்லி' அண்மைக் காலமாக. 'நியர்' அருகில், 'நியர்லி' ஏறத்தாழ. 'ஹை' உயரத்தில், 'ஹைலி' மிகவும். 'ஃபாஸ்ட்' மட்டும் எந்த வாலையும் ஏற்க மறுத்துவிட்டது. எந்த ஆசிரியரும் அதை 'ஃபாஸ்ட்லி' என்று திருத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. 'டிரைவ் ஃபாஸ்ட்' சரியென்றால் 'டிரைவ் ஸ்லோ' மட்டும் எப்படிப் பிழையாகும் என்று அன்று அவன் கேட்டிருக்கலாம். அவனுக்கு அது தோன்றவில்லை. எங்களுக்கும்தான்.

தட்டை வினையடையைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. தந்தையின் முதுமையை முன்னிட்டு டிலன் தாமஸ் எழுதி 1951-இல் வெளியான புகழ்பெற்ற கவிதை, தலைப்பிலேயே 'ஜென்ட்லி'யை விலக்கி 'ஜென்டில்' என்பதை ஏற்றிருக்கிறது. போகும் விதத்தைச் சொல்கிறாரா, போகிறவரின் தன்மையைச் சொல்கிறாரா என்று நாம் ஒரு கணம் தயங்குகிறோம். 'லி' இருந்திருந்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமிருந்திராது. 1997-இல் ஆப்பிள் நிறுவனம் 'திங்க் டிஃபரன்ட்' என்ற முழக்கத்தை வெளியிட்டபோது 'டிஃபரன்ட்லி' என்றல்லவா இருக்க வேண்டும் என்று பலர் குறைகூறினர். அந்தச் சொல்லைப் பெயர்ச்சொல் போலவே கருதியதாக, அதாவது எப்படி நினை என்பதைவிட எதை நினை என்பதைச் சொல்ல விரும்பியதாக, ஸ்டீவ் ஜாப்ஸ் விளக்கியதை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வால்டர் ஐசக்சன் பதிவுசெய்திருக்கிறார்.

*

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இலக்கணமே வேண்டாம் என்று முடித்தால் அது பொறுப்பற்ற பேச்சாகிவிடும். வினைக்குப் பின்னால் எதை எழுதுவது என்று தயங்கும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இந்தத் தன்மை யாருடையது என்பதே. எழுவாயினுடையது என்றால் 'லி' வேண்டாம். வினைச்சொல்லை எடுத்துவிட்டு அங்கே 'இஸ்' என்று போட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சூப்பின் சுவையைச் சொல்லும் 'டேஸ்ட்ஸ் குட்', 'இஸ் குட்' என்றாலும் பொருள்தரும். தன்மை செயலுக்குரியது என்றால் பெரும்பாலும் 'லி' வேண்டும். 'ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுலி' என்பதில் அதை எடுத்தால் இன்றைய காதுக்கு உறுத்தும். மூன்றாவதாக, வரலாறு வாலை உதிர்த்துவிட்ட சொற்கள் ஒரு கைப்பிடி இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிடலாம். 'ஸ்லோ', 'ஸ்லோலி' இரண்டும் வாழ்கிற இடங்களில், கட்டளைக்கும் பலகைக்கும் குறுகியதும், நீண்ட உரைநடைக்கு மற்றதும் ஏற்றவையாக இருக்கும். இது செவியைப் பொறுத்த தேர்வு. அறிவைப் பொறுத்தது அன்று.

எங்கள் ஆசிரியர் இப்போது இல்லை. அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தம் நூலில் படித்ததை அவர் எங்களுக்குச் சொன்னார். அந்த நூல் மரேயின் வழிவந்தது. மரே லௌத்திடமிருந்து எடுத்தார். லௌத்துக்கும் முன்பே அந்த 'எ' காற்றில் கரைந்திருந்தது. நமக்கு விழுந்த சிவப்புக் கோட்டுக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வோம். சாலைக்குக் கண் கிடையாது என்பதை அவர்தான் நமக்குக் கற்றுத்தந்தார்.

ஆனால் மற்ற நோட்டில் குறைத்த ஒரு மதிப்பெண் திரும்பக் கொடுக்கப்பட வேண்டியது. அன்றைக்குப் பிறகு அந்த மாணவன் ஆங்கில வகுப்பில் வாய்திறந்து நாம் பார்த்ததில்லை. பள்ளியை விட்டு வந்த பிறகு அவன் எங்கே போனான் என்பதும் தெரியாது. பெரும்பாலும் அப்பாவின் லாரியில் ஏறியிருப்பான். எந்தச் சாலையில் போனாலும், வளைவுக்கு வளைவு, அவன் எழுதியது சரிதான் என்று பலகைகள் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அன்று வகுப்பில் அதைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. நாம் சிரித்துக்கொண்டிருந்தோம்.